படிகளும் பக்கங்களும்: இந்தி வாசித்த தமிழர்களின் அளவுகோல்கள்

தாம்பரத்துக்குத் தெற்கே செங்கல்பட்டு நோக்கிச் செல்லும் மின்சார ரயில் தடத்தில் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி என்று நிலையங்கள் வரிசையாக வரும். நிலையப் பலகைகளில் ஊர்ப்பெயர் தமிழ், இந்தி, ஆங்கிலம் என மூன்று எழுத்துகளில் எழுதப்பட்டிருக்கும். பள்ளியில் இந்தி படிக்காத தமிழர், வேலைக்குப் போய்வரும் வயதில் அந்த மொழியைக் கற்கத் தொடங்கினால், அவருக்குக் காசில்லாமல் கிடைக்கும் முதல் அரிச்சுவடி இந்தப் பலகைகள்தான். கூடுவாஞ்சேரி என்ற பெயரே ஒரு நல்ல பாடம். தமிழில் 'கூ' என்று எழுதிவிட்டால் போதும். அது வல்லொலியா மெல்லொலியா என்பதை நாவு பார்த்துக்கொள்ளும். நாகரி எழுத்துக்கு அந்தச் சலுகை இல்லை. ஒரே ககர வரிசையில் நான்கு எழுத்துகளை வைத்திருக்கும் அது, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். நம் எழுத்து சொல்லாமல் விடுவதை அந்த எழுத்து சொல்லியே தீரும் என்பது பலகையைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிடுகிறது.

ஆனால் இதை வாசிப்பு என்று சொல்ல முடியுமா? ஊர் இன்னது என்று தெரிந்த பிறகே நாம் பலகையைப் பார்க்கிறோம். விடை தெரிந்த கேள்விக்கு விடையளிப்பதற்கும் வாசிப்பதற்கும் தூரம் அதிகம். அப்படியானால் வாசிப்பு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று எதைக்கொண்டு அறிவது? குழந்தைக்கு வகுப்பு உண்டு, மதிப்பெண் உண்டு, அடுத்த ஆண்டு புதிய புத்தகம் உண்டு. வயது வந்தவருக்கு இவை எதுவும் இல்லை. இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டில், அதிலும் இந்தியைப் பொறுத்தவரையில், ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அது கல்விமுறையின் வரலாறு மட்டுமன்று, அரசியலின் வரலாறும்கூட. இரண்டும் ஒன்றையொன்று எப்படிக் குழப்பின என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

1918 மார்ச்சில் இந்தூரில் கூடிய இந்தி சாகித்திய சம்மேளனத்துக்குக் காந்தி தலைமை வகித்தார். தெற்கே இந்தியைப் பரப்பவேண்டும் என்ற திட்டம் அங்கே உருப்பெற்றது. அதே ஆண்டில் சென்னை கோகலே மண்டபத்தில் அன்னி பெசன்ட், சி.பி. ராமசாமி அய்யர் ஆகியோர் முன்னிலையில் முதல் வகுப்பு தொடங்கியது. ஆசிரியர் காந்தியின் இளைய மகன் தேவதாஸ். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. எதிரே அமர்ந்திருந்தவர்கள் அவரைவிட மூத்தவர்கள், ஆங்கிலத்தில் தேர்ந்தவர்கள். அவர்கள் பதினெட்டு வயதுப் பையனிடம் உயிரெழுத்து பழகினார்கள். தென்னாட்டில் இந்தி கற்பித்தல் குழந்தைகளிடமிருந்து தொடங்கவில்லை, வளர்ந்தவர்களிடமிருந்து தொடங்கியது என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

வேடிக்கை என்னவென்றால், இந்த இயக்கத்தைத் தொடங்கியவரே வயது வந்தபின் தமிழ் படிக்க முயன்றவர். தென்னாப்பிரிக்காவில் தம்மோடு நின்ற தமிழர்களின் மொழியைக் கற்கவேண்டும் என்று கப்பற்பயணத்தில் ஒரு தமிழ்ப் பாடநூலை வைத்துக்கொண்டு தொடங்கினார். தென்னாப்பிரிக்கச் சிறைகளில் அந்தப் படிப்பு கொஞ்சம் முன்னேறியது. பேச வரவில்லை என்றும், வாசிக்க முடிந்த கொஞ்சமும் பழக்கமில்லாமல் துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது என்றும் தன்வரலாற்றில் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார். மொழி கற்கும் வளர்ந்தவர்களுக்கு இதைவிட நேர்மையான முன்னேற்ற அறிக்கை வேறு இருக்கமுடியாது. ஏறிய படியிலிருந்து மனிதன் இறங்கவும் செய்வான் என்ற உண்மையை எந்தச் சான்றிதழும் எழுதிக் கொடுப்பதில்லை.

சென்னை அலுவலகம் 1927ல் தனி அமைப்பானது. பின்னர் தட்சிண பாரத இந்தி பிரசார சபை என்ற பெயரில் தியாகராய நகரில் நிலைகொண்டது. 1964ல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்ற தகுதியைப் பெற்றது. இந்தச் சபை தமிழ்நாட்டுக்குத் தந்த மிகப் பெரிய கொடை, என் கணிப்பில், ஓர் ஏணி. பரிசய், பிராத்மிக், மத்யமா, ராஷ்டிரபாஷா, பிரவேசிகா, விசாரத், பிரவீண் என்று படிகள் ஏறிச்செல்லும். கடைசி இரண்டும் பூர்வார்த்தம், உத்தரார்த்தம் என்று இரண்டிரண்டு பாகங்கள் உடையவை. ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தேர்வு. வயது வரம்பு இல்லாததால் பத்து வயதுச் சிறுமியும் ஓய்வுபெற்ற குமாஸ்தாவும் ஒரே கூடத்தில் அமர்ந்து ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதமுடியும். புறநகர்த் தெருக்களில் திண்ணைகளும் முன்கூடங்களும் இந்தி வகுப்புகளானது இந்த ஏணியை நம்பித்தான். தேர்வெழுதி மேலே போன இல்லத்தரசிகள் பலர் தாங்களே பிரசாரக் ஆகி அடுத்த தலைமுறைக்குக் கற்பித்தார்கள். சம்பளம் தரும் வேலைக்கு வெளியே அனுப்பப்படாத பெண்களுக்கு அது ஒரு சிறு வருமானமும் ஒரு பெரிய மதிப்பும் ஆயிற்று.

ஏணியின் நன்மை கண்கூடு. வளர்ந்த ஒருவருக்கு, தான் எங்கே நிற்கிறோம் என்று சொல்லும் ஏதாவதொன்று வேண்டும். 'நான் ராஷ்டிரபாஷா முடித்திருக்கிறேன்' என்று சொன்னால் கேட்பவருக்கும் புரியும், சொல்பவருக்கும் தெம்பு வரும். ஆனால் ஏணி அளப்பது ஏறிய படிகளைத்தான். பாடநூலில் உள்ள கதையின் சுருக்கத்தை மனப்பாடமாக எழுதுவதும், இதுவரை பார்த்திராத ஒரு கதையைத் தனியே வாசித்துப் பொருள்கொள்வதும் வெவ்வேறு திறன்கள். முன்னது இருந்து பின்னது இல்லாதவர்களை நாம் எல்லாருமே அறிவோம். இது சபையின் குற்றம் என்று சொல்லமாட்டேன். தேர்வு என்ற வடிவத்துக்கே உரிய எல்லை அது.

*

1934 டிசம்பர் இறுதியில் அந்த ஏணியின் உச்சியில் நின்றவர்களுக்குப் பட்டமளிப்பு உரை நிகழ்த்தப் பம்பாயிலிருந்து ஒருவர் சென்னைக்கு வந்தார். அவர் பிரேம்சந்த். அப்போது பம்பாயில் ஒரு சினிமாக் கம்பெனிக்குக் கதை எழுதிக்கொண்டிருந்தார். அதன்பின் அவர் உயிரோடிருந்தது இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவு. 1936 அக்டோபரில் காலமானார். 'கோதான்' வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.

பிரேம்சந்தை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு. அவரும் ஒரு வகையில் வயது வந்தபின் இந்திக்கு வந்தவர். எழுதத் தொடங்கியது உருதுவில். 'சேவாசதன்' நாவலை முதலில் உருதுவில் எழுதி, அச்சில் முதலில் இந்தியில் கொண்டுவந்தார். இரண்டு எழுத்துகளுக்கும் இடையே போய்வந்த அவருடைய நடை, பேச்சுமொழிக்கு அருகில் இருந்தது. அதனாலேயே இந்தி கற்கும் தென்னாட்டாருக்கு அவருடைய கதைகள் ஓர் இயற்கையான அளவுகோல் ஆயின. 'ஈத்கா'வை அகராதி இல்லாமல் வாசிக்க முடிகிறதா, 'கோதா'னை முடிக்க முடிகிறதா என்பவை எந்தத் தேர்வுத்தாளிலும் இல்லாத, ஆனால் வாசகர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட கேள்விகள்.

'சேவாசதன்' தமிழுக்கு வந்த வழியும் இதோடு சேர்ந்தது. அதைத் தமிழாக்கியவர் எஸ். அம்புஜம்மாள், காங்கிரஸ் தலைவர் எஸ். சீனிவாச அய்யங்காரின் மகள். 1899ல் பிறந்தவர், காந்தியின் இயக்கத்தில் சிறை சென்றவர், முப்பதுகளில் இந்தி பிரசார சபையின் நிர்வாகக் குழுவிலும் இருந்தவர். அவருடைய தமிழாக்கத்தைத் தொடர்ந்து 1938ல் கே. சுப்ரமண்யம் 'சேவாசதனம்' என்ற படத்தை எடுத்தார். எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதல் படம் அது. ஒரு தமிழ்ப் பெண்ணின் இந்தி வாசிப்பு தமிழ் வாசகர்களுக்கு ஒரு நாவலாயிற்று, நாடெங்கும் ஒரு திரைப்படமாயிற்று. கண. முத்தையா தமிழில் தந்த ராகுல் சாங்கிருத்யாயனின் 'வால்காவிலிருந்து கங்கை வரை' இதற்கு இன்னோர் எடுத்துக்காட்டு. 1949ல் வெளிவந்த அந்நூல் இன்றுவரை பதிப்புகள் காண்கிறது. இந்தி என்றாலே விலகிப்போகும் இளைஞர்களும் அதைத் தங்கள் நூலாகவே வாசித்தார்கள். இந்த இருவரும் எந்தத் தேர்வில் எத்தனை மதிப்பெண் பெற்றிருந்தாலும் அது இன்று ஒரு பொருட்டாகாது.

*

இந்த வரலாற்றின் மறுபக்கத்தைச் சொல்லாமல் போனால் கட்டுரை பொய்யாகிவிடும்.

1922ல் ஈரோட்டில் இந்திப் பிரசாரகர்களுக்கான பயிற்சிப் பள்ளி ஈ.வெ. ராமசாமியின் இல்லத்தில் தொடங்கியது என்பது சபை வரலாற்றில் இடம்பெற்ற செய்தி. பதினாறு ஆண்டுகள் கழித்து அதே மனிதர் இந்தி எதிர்ப்புப் போராட்டத்துக்காகச் சிறை சென்றார். இடையில் நடந்தது என்ன? 1938 ஏப்ரலில் ராஜாஜியின் அரசு 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கி ஆணையிட்டது. விரும்பியவர் ஏறிய ஏணி, எல்லாரும் ஏறவேண்டிய ஏணி ஆயிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். 1939ல் நடராசனும் தாளமுத்துவும் சிறைவாசத்தின்போது நோயுற்று இறந்தார்கள். 1940 பிப்ரவரியில் கவர்னர் எர்ஸ்கின் ஆணையைத் திரும்பப் பெற்றார்.

அப்போராட்டத்தின் அறிவு முகங்களில் ஒருவர் மறைமலையடிகள். 'இந்தி பொதுமொழியா?' என்ற நூலை எழுதியவர். கூடுவாஞ்சேரியிலிருந்து தெற்கே போனால் மூன்றாவது நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் மறைமலைநகர். வடக்கே போனால் அவர் 1911 முதல் வாழ்ந்த பல்லாவரம். ஒரே ரயில் தடத்தின் இரு பக்கத்திலும் அவர் இருக்கிறார். தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய அவர் வேற்றுமொழி அறியாதவர் அல்லர். ஆங்கிலத்தில் தேர்ந்தவர். காளிதாசனின் சாகுந்தலத்தை 1907ல் வடமொழியிலிருந்து தமிழாக்கியவர். பிறமொழி வாசிப்பில் அவர் அடைந்த உயரத்தை அந்த மொழிபெயர்ப்பே காட்டும். அவர் எதிர்த்தது ஒருவர் இந்தி வாசிப்பதை அன்று. தமிழரின் தகுதியை இந்தியால் அளக்கும் ஏற்பாட்டை. எதிர்ப்பாளர்களை மொழி வெறுப்பாளர்கள் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

1952 ஆகஸ்டில் ரயில் நிலையப் பலகைகளில் இருந்த இந்தி எழுத்துகளைத் தார் பூசி அழிக்கும் போராட்டம் நடந்தது. திராவிடர் கழகமும் திராவிட முன்னேற்றக் கழகமும் அதில் இறங்கின. அரிச்சுவடி என்று முதலில் சொன்னேனே, அதே பலகைகள்தான் போர்க்களமும் ஆயின. 1965 ஜனவரியில் மாணவர் போராட்டம் மாநிலம் முழுவதும் பரவியது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1968 ஜனவரியில் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையைத் தீர்மானமாக நிறைவேற்றியது. அரசுப் பள்ளிகளிலிருந்து இந்தி வெளியேறியது. இதன் விளைவு ஒன்றைக் கவனிக்கவேண்டும். பள்ளியில் இடமில்லாததால், தமிழ்நாட்டில் இந்தி கற்பது பெரும்பாலும் தனிப்பட்டவரின் முடிவாயிற்று. முன்கூடத்து வகுப்பும் சபையின் ஏணியும் முன்னைவிட முக்கியமாயின. கட்டாயத்தால் தெருவில் தோற்ற மொழி, விருப்பத்தால் வீட்டுக்குள் வாழ்ந்தது.

*

இதே காலத்தில் மைய அரசு தன் ஊழியர்களுக்கென்று இன்னோர் ஏணியைக் கட்டிக்கொண்டிருந்தது. 1955ல் உள்துறையின் பொறுப்புக்கு வந்த இந்தி பயிற்றுவிப்புத் திட்டம் அது. பிரபோத், பிரவீண், பிராக்ஞ என்று மூன்று படிகள். முறையே தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி அளவுக்கு இணையானவை என்று வகுக்கப்பட்டவை. 1960 ஏப்ரலில் வெளியான குடியரசுத் தலைவரின் ஆணை, 1961 ஜனவரி 1ம் தேதியன்று 45 வயதுக்குக் குறைந்த ஊழியர்களுக்கு இப்பயிற்சியைக் கட்டாயமாக்கியது. குறித்த காலத்துக்குள் நிலையை எட்டாவிட்டால் தண்டனை கிடையாது என்றும் சொன்னது. தேறியவர்களுக்கு ஓராண்டுக்கு ஒரு சம்பள உயர்வுக்கு ஈடான தொகையும், கூடுதல் மதிப்பெண்ணுக்கு ரொக்கப் பரிசும் வகுக்கப்பட்டன. ரயில்வேயிலும் தபால் துறையிலும் கணக்காயர் அலுவலகத்திலும் வேலைபார்த்த நடுத்தர வயதுக்காரர்கள் பணி நேரத்தில் வகுப்புக்குப் போய்க் காக்கை, நரி பாடங்களைப் படித்தார்கள். வீட்டில் கம்பனும் கல்கியும் வாசித்த மனிதர், வகுப்பில் ஐந்தாம் வகுப்புச் சிறுவனாக உட்கார்ந்தார். அறிவு ஒரு வயதிலும் மொழி வேறொரு வயதிலும் இருப்பதுதான் வளர்ந்தபின் மொழி கற்பவரின் உண்மையான துன்பம். அதை எந்த ஊக்கத்தொகையும் தீர்ப்பதில்லை.

இந்த ஏற்பாட்டில் ஒரு சுவையான சட்டக்கூறு உண்டு. 1976ம் ஆண்டு ஆட்சிமொழி விதிகள், ஊழியர் ஒருவருக்கு இந்தியில் 'செயலறிவு' இருக்கிறது என்று எப்போது கொள்ளலாம் என வரையறுக்கின்றன. பள்ளி இறுதித் தேர்வில் இந்தியை ஒரு பாடமாக எழுதித் தேறியிருக்கலாம், பிராக்ஞ தேறியிருக்கலாம், இவை எதுவும் இல்லையென்றாலும், எனக்கு அந்த அறிவு உண்டு என்று இணைப்பில் உள்ள படிவத்தில் அவரே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கலாம். அத்தனை படிகளையும் கட்டிய அரசு, கடைசியில் மனிதனின் சொந்த வாக்குமூலத்தையும் ஓர் அளவாக ஏற்றுக்கொண்டது. இதை எள்ளலாகச் சொல்லவில்லை. ஒருவர் எவ்வளவு வாசிக்கிறார் என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் இல்லை என்ற உண்மை, தெரிந்தோ தெரியாமலோ, விதிப்புத்தகத்தில் ஏறியிருக்கிறது. அந்த விதிகளின் முதல் பிரிவே அவை தமிழ்நாடு மாநிலத்துக்குப் பொருந்தா என்று விலக்களிப்பது இன்னொரு செய்தி. 1965ன் நிழல் அந்த ஒரு வரியில் விழுந்திருக்கிறது.

*

வாசிப்பை அளப்பது பற்றி இந்தத் துணைக்கண்டத்தில் தீவிரமாகச் சிந்தித்தவர்களில் மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயரைச் சொல்லவேண்டும். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றியவர். வங்காளச் சிறுவர்கள் ஆங்கிலம் கற்பதைப் பற்றி 1926ல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் அவர் கையாண்ட ஒரு கருத்து, ஆயுள் காப்பீட்டிலிருந்து எடுத்தது: சரண்டர் மதிப்பு. பாலிசியைப் பாதியில் நிறுத்தினால் கைக்கு என்ன கிடைக்கும் என்று பார்ப்பதைப்போல, படிப்பைப் பாதியில் நிறுத்தும் மாணவனுக்கு அதுவரை கற்றதால் என்ன பயன் என்று பார்க்கவேண்டும் என்றார். பேச்சைப் பாதியில் விட்டால் கிடைப்பது குறைவு. வாசிப்பில் அப்படியன்று, எளிய நூல்களை வாசிக்கும் அளவுக்கு வந்துவிட்டால், அதன்பின் ஆசிரியர் இல்லாமலும் அது தானே வளரும். ஆகவே முதலில் வாசிப்பு என்பது அவர் முடிவு. அதற்காகச் சொற்களை எண்ணிக் கட்டுப்படுத்திய வாசிப்பு நூல்களைத் தயாரித்தார். 1953ல் வெளியான அவருடைய அடிப்படைச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்கள் இருந்தன.

பிற்கால ஆய்வுகள் இந்த எண்ணிக்கையை மேலும் நுட்பமாக்கின. நியூசிலாந்தைச் சேர்ந்த பால் நேஷனும் உடன் ஆய்வாளர்களும், உதவியில்லாமல் ஒரு நூலை வாசித்துப் புரிந்துகொள்ள அதில் வரும் சொற்களில் நூற்றுக்கு 98 தெரிந்திருக்கவேண்டும் என்று கணித்தார்கள். ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் தெரியாததாக இருக்கலாம். ஆங்கிலத்தில் இந்த நிலையை எட்ட எட்டாயிரம், ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் தேவை என்பது 2006ல் நேஷன் தந்த கணக்கு. இந்திக்கு இந்த எண் அப்படியே பொருந்தாது. ஆனால் ஐம்பதுக்கு ஒன்று என்ற விகிதம் எந்த மொழியிலும் பயன்படும். முன்னூறு சொற்கள் உள்ள பக்கத்தில் ஆறு தெரியாத சொற்கள் வரை இருக்கலாம். இருபது என்றால் அந்நூல் இன்னும் நமக்கு ஆகவில்லை என்று பொருள். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. வேறு நூலை எடுத்துக்கொள்ளலாம். பத்துப் பக்கங்களில் பென்சிலால் கோடிட்டு எண்ணிப்பார்த்து, ஆறுமாதம் கழித்து அதே ஆசிரியரின் வேறு பத்துப் பக்கங்களில் மறுபடி எண்ணினால், எந்த மதிப்பெண்ணும் சொல்லாததை அது சொல்லிவிடும்.

ஆனால் இந்தி வாசிக்கும் தமிழருக்கு இந்த எண்ணிக்கையிலும் ஒரு பொறி உண்டு. தெரியாத சொல்லை எண்ணிவிடலாம். தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருக்கும் சொல்லை எப்படி எண்ணுவது? வடசொற்கள் இரு மொழிகளிலும் புழங்குகின்றன, பொருள் மட்டும் இடம்பெயர்ந்திருக்கிறது. இந்தியில் 'உபன்யாஸ்' என்றால் நாவல். நமக்கு உபந்யாசம் கோயில் மண்டபத்தில் நடப்பது. 'அவஸர்' என்றால் வாய்ப்பு; நமக்கு அவசரம் வேறு. 'சிக்ஷா' கல்வி, நம் வழக்கில் சிட்சை தண்டனை. 'ஸம்ஸார்' உலகம்; நம் தெருவில் சம்சாரம் மனைவி. 'சேஷ்டா' முயற்சி, சேஷ்டை செய்கிற பிள்ளையை நாம் அதட்டுவோம். எழுத்துக்கூட்டும் நிலையைக் கடந்தவர் விழும் குழிகள் இவை. வாக்கியம் தடையில்லாமல் ஓடும், பொருள் தடம்புரண்டிருக்கும். அதுபோலவே எழுத்தில் அகரம் இருந்தும் உச்சரிப்பில் மறைவது. தமிழில் புள்ளி வைத்து மெய்யைக் காட்டிவிடுகிறோம். இந்தியில் 'கமல' என்று எழுதியதைக் 'கமல்' என்று வாசிக்கவேண்டும். 'நே' என்ற உருபு வந்ததும் வினைமுற்று எழுவாயை விட்டுவிட்டுச் செயப்படுபொருளின் பாலை ஏற்பது மூன்றாவது. இந்த மூன்றும் சிந்திக்காமல் கைவரும்போது வாசிப்பு ஒரு நிலையைத் தாண்டியிருக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

இன்னொரு விந்தை. தமிழ் வாசகருக்குப் பல நேரங்களில் கடினமான நூல் எளிதாகவும் எளிய நூல் கடினமாகவும் இருக்கும். ஜெய்சங்கர் பிரசாதின் வடமொழி செறிந்த நடையில் முக்கால்வாசிச் சொற்கள் நமக்கு ஏற்கெனவே பழக்கமானவை. பணீஷ்வர்நாத் ரேணுவின் 'மைலா ஆஞ்சல்' 1954ல் வெளிவந்தது. பீகாரின் பூர்ணியா வட்டாரத்துப் பேச்சு அதன் உயிர். வானொலிச் செய்தியைத் தங்குதடையின்றிப் புரிந்துகொள்கிறவர் அங்கே முதல் அத்தியாயத்திலேயே திணறுவார். கிராமத்துக் கிழவி சண்டை போடும்போது அவள் சொல்வது புரிகிறதா என்பதுதான் நாவல் வாசகனுக்கு உரிய தேர்வு. அதற்குத் தயார்செய்யும் படி எந்த ஏணியிலும் இல்லை. கி. ராஜநாராயணனை வாசிக்க முயலும் வேற்றுமொழிக்காரரின் நிலையும் இதுதான் என்று எண்ணிப்பார்த்தால் ஆறுதலாக இருக்கும்.

*

இத்தனை அளவுகோல்களையும் பார்த்தபின் நம்முடைய பழைய அளவுகோல் ஒன்று நினைவுக்கு வருகிறது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பாடம் கேட்பவனின் இயல்பு சொல்லப்படுகிறது. ஆசிரியர் சொன்னதை முழுதாக உள்வாங்கினாலும் கிடைப்பது கால்பங்கு புலமைதான். உடன் பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு கால்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் வருவது. மதிப்பெண்ணைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

இந்தக் கணக்கை நம் வரலாற்றின்மேல் வைத்துப் பார்த்தால் பல செய்திகள் தெளிவாகின்றன. தேர்வு ஏணி தந்தது முதல் கால்பங்கு. கூடத்தில் சேர்ந்து படித்த அண்டைவீட்டார் இரண்டாம் கால்பங்கு. முன்கூடத்தில் வகுப்பெடுத்த பெண்களும், 'சேவாசதன'த்தைத் தமிழாக்கிய அம்புஜம்மாளும், 'வால்கா'வைத் தந்த முத்தையாவும் எட்டியது அந்த அரைப்பங்கு. கால்பங்கோடு நின்றவர்களும் தோற்றவர்கள் ஆகமாட்டார்கள். வெஸ்ட் சொன்ன சரண்டர் மதிப்பு அவர்களுக்கும் உண்டு. ஒரு கடிதம், ஓர் அறிவிப்பு, ஒரு சிறுகதை வாசிக்க முடிந்தால் அது வீணன்று.

எத்தனை தமிழர்கள் இந்தித் தேர்வெழுதுகிறார்கள் என்ற கணக்கை இரண்டு தரப்பினரும் விவாதங்களில் பயன்படுத்துகிறார்கள். பார்த்தீர்களா, விரும்புகிறார்கள் என்று ஒரு தரப்பு. பார்த்தீர்களா, கட்டாயம் இல்லாமலேயே கற்கமுடிகிறது என்று மறு தரப்பு. எழுதியவர்களில் எத்தனை பேர் தேர்வுக்குப் பிறகு ஒரு நூலையாவது தாமாக வாசித்தார்கள் என்று கேட்பவர் இரு தரப்பிலும் குறைவு. மொழியை அரசியல் அளக்கும்போது தலைகளை எண்ணுகிறது. இலக்கியம் அளக்கவேண்டுமானால் பக்கங்களை எண்ணவேண்டும்.

கடைசியாக ஒன்று. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரையிலான இதே தடத்தில் இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் கட்டடங்களிலும் உணவகங்களிலும் தொழிற்கூடங்களிலும் வேலைசெய்கிறார்கள். தமிழ் பேச அவர்கள் விரைவில் பழகிவிடுகிறார்கள். அவர்களில் ஒருவர், பலகையில் உள்ள தமிழ் எழுத்தைப் படிக்கத் தொடங்கி, அதற்கு அப்பாலும் போக விரும்பினால், நாம் கையில் கொடுக்கப்போகும் முதல் நூல் எது? இரண்டாவது எது? ஐம்பது சொல்லுக்கு ஒன்று மட்டும் தெரியாமல், குழந்தைக் கதையாகவும் இல்லாமல், வளர்ந்த மனிதனின் அறிவுக்கு மரியாதை தரும் தமிழ் நூல்களை வரிசைப்படுத்தச் சொன்னால் நம்மில் எத்தனை பேரால் முடியும்? இந்தி கற்பித்தவர்கள் தென்னாட்டில் ஒரு நூற்றாண்டு உழைத்து ஓர் ஏணியைக் கட்டினார்கள், அதன் குறைகளோடு. தமிழை வாசிக்க வருகிறவருக்கு நாம் எதைக் கட்டப்போகிறோம் என்பதை இலக்கிய ஆர்வலர்கள்தான் யோசிக்கவேண்டும். நண்பர்கள் ஆளுக்கு ஐந்து நூல்களைச் சொல்லித் தொடங்கினாலும் போதும்.